கன்னியம்மா ஊற்றிய பிளேட்டுகள்

கன்னியம்மா கையெழுத்துப் போட மறுத்த கடிதத்தில் மூன்று வரிகள்தான் இருந்தன. ஜூன் மாதம் தயாரித்த மூன்று தொகுதி பிளேட்டுகளும் தன் கவனக்குறைவால் கெட்டுப்போயின. அதனால் ஆராய்ச்சிக்கு இழப்பு ஏற்பட்டது. பிளேட் தயாரிக்கும் மீடியா அறையிலிருந்து தன்னை மாணவர் விடுதித் துப்புரவு வேலைக்கு மாற்றுவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை. ஆங்கிலத்தில் அடித்து, கீழே ஒரு கோடு போட்டு, ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஸ்டான்லி கொண்டுவந்து நீட்டினார்.

"இதுல இன்னா எழுதிக்கீது?"

"ஒண்ணுமில்லக்கா. ஃபார்மாலிட்டி. ஒரு கையெழுத்து, அவ்ளோதான்."

"ஒண்ணுமில்லன்னா கையெழுத்து எதுக்கு? படிச்சு சொல்லு."

ஸ்டான்லி படித்துச் சொன்னார். சொல்லும்போது இரண்டாவது வரியைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டினார். கன்னியம்மா அதை மறுபடி படிக்கச் சொன்னார்.

"நான் கெடுக்கல. கெடுத்தேன்னு எப்படிப் போடுவேன்?"

"பேஜாரு பண்ணாதக்கா. ஹாஸ்டல் வேலை ஈஸி. மதியமே முடிஞ்சிடும்."

"ஈஸின்னா நீ போ."

திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்துவிட்டு ஸ்டான்லி போனார். அன்று புதன்கிழமை.

நான் கன்னியம்மா வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஐந்து ஆண்டு இருந்தவன். இப்போது வெளிநாட்டில் வேலை. நடந்ததைக் கன்னியம்மாவும் அங்கே ஆராய்ச்சி மாணவியான சுப்ரஜாவும் தனித்தனியாகப் போனில் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் கன்னியம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டேன். யாருக்கும் சங்கடம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கல்லூரியின் பெயரை விட்டுவிட்டேன். சிறுசேரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி, அவ்வளவு போதும். கன்னியம்மாவின் பெயரையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "நான் இன்னா திருடியா?" என்றார்.

நெரும்பூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் அவருக்கு. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கணவர் முனிசாமி நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, புதுப்பட்டினத்திலிருந்து சிறுசேரி மென்பொருள் அலுவலகங்களுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அந்த வேனில்தான் கன்னியம்மாவும் வேலைக்கு வருவார். பதினொரு வருடத்துக்கு முன் தரை துடைக்க வந்தவர். மீடியா அறையில் இருந்த பையன் சொல்லாமல் நின்றுபோன ஒரு வாரத்தில், பார்த்துப் பார்த்துப் பழகியதை வைத்துத் தானே பிளேட் ஊற்ற ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வேறு யாரையும் அங்கே போடவில்லை. பதவிப் பெயர் மட்டும் இன்றுவரை அட்டெண்டர்.

பிளேட் ஊற்றுவது கேட்பதற்குச் சுலபம். ஈஸ்ட்டுக்குத் தீனியான பொடிகளை, ஜெல்லி போல உறையவைக்கும் அகர் பொடியோடு தண்ணீரில் கலந்து, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய பிரஷர் குக்கரில் வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் உள்ளங்கை அகலத் தட்டுகளில் ஊற்ற வேண்டும். சூடு அதிகமானால் மூடியில் வியர்த்து நீர் சொட்டும். ஆறிவிட்டால் கட்டி தட்டும். கன்னியம்மா குடுவையை முழங்கையில் ஒரு நொடி வைத்துப் பார்ப்பார். அறுபது பிளேட் ஊற்றினால் ஒன்றில்கூடக் குமிழி இருக்காது. நான் முயன்றபோது அறுபதிலும் இருந்தது.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு மூன்று பிளேட்டுகளை யாருக்கும் கொடுக்காமல் எடுத்துத் தன் அலமாரியில் பூட்டிவிடுவார். வேலைக்கு வந்த புதிதில், யாரோ ஒரு மாணவர் குளிர் அறைக் கதவைத் திறந்துபோட்டுப் போனதில் பிளேட்டெல்லாம் பூசணம் பிடித்து, திட்டு இவருக்கு விழுந்தது. அன்றிலிருந்து இந்தப் பழக்கம். அவற்றுக்கு அவர் வைத்திருந்த பெயர் சாட்சி.

அந்த ஆய்வகம் வளர்ப்பது ஈஸ்ட்டை. பன்னை உப்பவைக்கும் அதே ஈஸ்ட். நம் செல்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருந்து, தின்றதை எரித்து ஆற்றலாக்கித் தருகின்றன. அவை பழுதானால் முதலில் அடிபடுவது ஆற்றலை அதிகம் கேட்கும் நரம்பு செல்கள். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். உயிரோடு இருப்பவரின் நரம்பை அறுத்துப் பார்க்க முடியாது. ஈஸ்ட்டுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா இருப்பதால், ஈஸ்ட்டின் ஒரு மரபணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதனின் மரபணுவை வைக்கிறார்கள். பிறகு அதற்கு இரண்டு விதமான தீனி கொடுக்கிறார்கள். குளுக்கோஸ் கலந்த பிளேட்டில் மைட்டோகாண்ட்ரியா பழுதான ஈஸ்ட்டும் புளிக்கவைத்துப் பிழைத்துக்கொள்ளும். கிளிசரால் கலந்த பிளேட்டில் அது நடக்காது. மைட்டோகாண்ட்ரியா வேலை செய்தால்தான் கிளிசராலைத் தின்ன முடியும். கிளிசராலில் வளர்ந்தால் மரபணு நல்லது, வளராவிட்டால் பழுது. இவ்வளவுதான் கணக்கு.

பிப்ரவரியில் பொதுமக்களுக்கு ஆய்வகத்தைத் திறந்துவைத்த நாளில் கருங்குழியிலிருந்து ஹரிப்ரியா என்ற பதினாறு வயதுப் பெண் சக்கர நாற்காலியில் வந்திருந்தாள். பன்னிரண்டு வயதில் தள்ளாடத் தொடங்கிய நடை. அவளுடைய மரபணுவில் ஓரிடத்தில் ஒரு மாற்றத்தை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். நோய்க்குக் காரணம் அதுதானா என்று தெரியவில்லை. அதைக் கண்டறியும் வேலை இந்த ஆய்வகத்துக்கு வந்திருந்தது. ஆராய்ச்சி மாணவி சுப்ரஜா ஒரு பிளேட்டை அவள் கையில் கொடுத்து, இந்த ஈஸ்ட்டுக்குள் இருப்பது உன் மரபணுதான் என்றாள்.

ஹரிப்ரியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவும் என்னை மாதிரி தள்ளாடுதா?"

"தெரியல. அதைத்தான் பார்த்துட்டிருக்கோம்."

"தெரிஞ்சா சொல்லுங்க. எங்க அம்மா, நான் வயித்துல இருந்தப்ப அவங்க ஏதோ தப்பா சாப்பிட்டதாலன்னு நெனச்சிட்டிருக்காங்க."

கன்னியம்மா அப்போது டீ கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது மறக்கவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீப் ஃப்ரீசரின் கம்ப்ரெஸர் நின்றுபோனது. மைனஸ் எண்பது டிகிரியில் உறைந்திருந்த நூற்று நாற்பது குழாய் ஈஸ்ட்டும் உருகிவிட்டன. சுப்ரஜா சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குமுன் பாக்டீரியா ஆய்வகத்தில் இருந்தவள். ஆனால் உழைப்பாளி. ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஈஸ்ட்டை எடுத்துப் பிளேட்டில் வளர்த்து, அதில் புள்ளி புள்ளியாக முளைத்த ஈஸ்ட்டில் ஒரு நல்ல புள்ளியைத் தேர்ந்து, மறுபடி பெருக்கி, புதுக் குழாயில் உறையவைத்துப் பெட்டியில் அடுக்கினாள். இரண்டு வாரம் ஒரு விடுமுறை எடுக்கவில்லை.

ஜூனில் சோதனையைத் தொடங்கினார்கள். கிளிசரால் பிளேட்டில் ஹரிப்ரியாவின் மரபணு உள்ள ஈஸ்ட் வளரவில்லை. அது பரவாயில்லை, அது ஒரு விடை. ஆனால் நோயில்லாத மனித மரபணு உள்ள ஈஸ்ட்டும் வளரவில்லை. அது வளர்ந்தே ஆக வேண்டும். புதுத் தொகுதி ஊற்றி மறுபடி செய்தார்கள். மூன்றாவது தொகுதியும் அப்படியே. பெட்டியிலிருந்து வேறு வேறு ஈஸ்ட் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். குளுக்கோஸில் எல்லாம் வளர்ந்தது, கிளிசராலில் ஒன்றும் வளரவில்லை.

பேராசிரியர் கிருஷ்ணபிரசாத் குழுக் கூட்டத்தில் ஐந்தே நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிட்டார். நூற்று நாற்பது ஈஸ்ட்டும் ஒரே நேரத்தில் கெட முடியாது. எல்லாவற்றுக்கும் பொது கிளிசரால் பிளேட். பிளேட்டை ஊற்றியவர் ஒருவர்.

"என்ன போட்டீங்க கன்னியம்மா? கிளிசரால் பாட்டில்தான் எடுத்தீங்களா?"

"அதான் சார் எடுத்தேன். வேற இன்னா எடுக்கப் போறேன்?"

"பதினோரு வருஷம் ஒரே வேலை. கவனம் போயிடும். இயல்புதான்." அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. கெட்ட மனிதரும் அல்ல. ஆனால் பிளேட் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து ஆறேழு வருடம் இருக்கும். அவர் பார்ப்பது வரைபடங்களை மட்டுமே.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் ஸ்டான்லி கடிதத்தோடு வந்தது.

அன்று மாலை வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து கன்னியம்மா நடந்ததைச் சொன்னார். பின்னால் மென்பொருள் பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்கள்.

"போட்டுத் தொலையேன்," என்றார் முனிசாமி. "ஹாஸ்டல்னா மதியானமே வூட்டுக்கு வந்துடலாம்."

"நீ பிரேக்கு புடிக்கல, அதான் ஆளு செத்தான்னு எழுதிக் குடுத்தா போடுவியா?"

"எவன் செத்தான்?"

"எவனும் சாவல. அதத்தான் சொல்லிகினு கீறேன். சாவாத ஆளுக்கு என்ன கொலைகாரின்றாங்க."

பின் இருக்கையில் ஒருத்தி சிரித்தாள். காதில் ஒயர் இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். "போடாதீங்க ஆன்ட்டி. எங்க ஆபீஸ்லயும் இப்டித்தான், முதல்ல கையெழுத்து வாங்குவாங்க. அப்புறம் அதையே காட்டுவாங்க."

"கேட்டுக்கோ," என்றார் கன்னியம்மா கணவரிடம். திருப்போரூர் தாண்டி, பூஞ்சேரி கூட்டுரோட்டில் முனிசாமி வண்டியைத் திருப்பினார். பிறகு, "சரி, போடாத. ஆனா போடலன்னா இன்னா காட்டுவ? நான் பண்ணலன்னு வாயாலயே சொல்லிகினு இருப்பியா?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் கன்னியம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஏசுபாதம் என்பவர் பேக்கரி வைத்திருக்கிறார். வேனை விட்டு இறங்கியதும் கன்னியம்மா ரஸ்க் வாங்க அங்கே நின்றார்.

"இன்னா கன்னியம்மா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

"உன் பன்னு உப்பலன்னா யார திட்டுவாங்க?"

"என்னத்தான். வேற யார?"

"நீ ஒண்ணும் பண்ணல. பன்னு உப்பல. அப்ப?"

ஏசுபாதம் ரஸ்க்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே யோசித்தார். "மாவு மேல தப்பா, ஈஸ்ட்டு மேல தப்பான்னு பாக்கணும். வேற ஒரு பாக்கெட்டு பிரிச்சி அதே மாவுல போடுவேன். உப்பிச்சின்னா மாவு நல்ல மாவு, பழைய பாக்கெட்டு செத்துப்போச்சு. அவ்ளோதான்."

கன்னியம்மா ரஸ்க்கை வாங்காமல் நின்றார்.

"அண்ணே, ஒரு கரண்டி ஈஸ்ட்டு குடு."

"பேக்கரி போடப் போறியா? எதிர்லயே போட்டுடாத."

"குடுண்ணே. அதே மாவு என்கிட்ட கீது."

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மீடியா அறையில் கன்னியம்மா தன் அலமாரியைத் திறந்தார். பழிசுமத்தப்பட்ட மூன்று தொகுதிகளுக்கும் சாட்சிப் பிளேட்டுகள் இருந்தன. வேகவைத்து ஆறிய தண்ணீரில் ஏசுபாதத்தின் ஈஸ்ட்டைக் கரைத்தார். ஆட்டோகிளேவில் வைத்தெடுத்த பல்குத்தும் குச்சியால் தொட்டு, தொகுதிக்கு ஒரு கிளிசரால் பிளேட்டில் கோடு இழுத்தார். தொகுதிக்கு ஒன்றை ஒன்றுமே போடாமல் அப்படியே வைத்தார். பிறகு, கிளிசராலும் இல்லாமல் குளுக்கோஸும் இல்லாமல் வெறும் சத்துப்பொடி மட்டும் கலந்து ஒரே ஒரு பிளேட் தனியாக ஊற்றி, அதிலும் அதே ஈஸ்ட்டை இழுத்தார். அது எதற்கு என்று நான் பிற்பாடு கேட்டேன். "பன்னு ஈஸ்ட்டு கல்லுல போட்டாலும் வளரும்னு சாரு சொல்லுவாரு. எனக்குத் தெரியாதா அவர?"

ஈஸ்ட்டைக் கதகதப்பாக வைத்து வளர்க்கும் இன்குபேட்டரை அவர் தொடவில்லை, அது மாணவர்களுடையது. ஜூலை வெயிலுக்கு மீடியா அறை அலமாரி முப்பத்து மூன்று டிகிரி இருந்தது. ஈஸ்ட்டுக்கு அது சௌகரியம்தான்.

சனிக்கிழமை காலை சுப்ரஜா பிளேட் வாங்க வந்தாள். அலமாரி திறந்திருந்தது.

"இது யார் போட்டது?"

"நான்தான்."

"அக்கா, நம்ம ஈஸ்ட் ஸ்ட்ரெய்னைத் தொட்டீங்களா? சாருக்குத் தெரிஞ்சா..."

"உன் பெட்டியத் தொடல. இது புதுப்பட்டினம் பேக்கரி ஈஸ்ட்டு. எட்து பாரு."

சுப்ரஜா ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்று தொகுதி கிளிசரால் பிளேட்டிலும் கோடு போட்ட இடமெல்லாம் வெண்ணெய் தடவியது போல ஈஸ்ட் வளர்ந்திருந்தது. ஒன்றும் போடாத பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தன. வெறும் பொடிப் பிளேட்டில் லேசாக ஒரு படலம், அவ்வளவுதான். அவள் முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சோதனை முறையில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று தேடுவது தெரிந்தது. கிடைக்கவில்லை.

"பிளேட் சரியாதான் இருக்கு," என்றாள்.

"அத நான் மீட்டிங்லயே சொன்னேன். இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். செவப்பெல்லாம் எங்க போச்சு?"

"எந்தச் சிவப்பு?"

"நீங்க பாத்து முடிச்சி குப்பைக்கு அனுப்புறீங்களே, அந்தப் பிளேட்டு. நான்தான் அத்தினியும் வேகவெச்சுக் கொட்டுறேன். பதினோரு வருஷமா பை நெறைய செவப்பாதான் வரும். ஜூன் மாசத்துலேர்ந்து வெள்ளை. ஒரு பொட்டு செவப்பு இல்ல."

சுப்ரஜா கையிலிருந்த பிளேட்டை மறுபடி பார்த்தாள். அவளுக்கு அது பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம். அந்த ஆய்வகத்து ஈஸ்ட் ரகத்தில், மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யும் புள்ளிகள் நான்கு நாளில் சிவக்கும். அதை இழந்தவை வெள்ளையாகவே, சிறுத்து நிற்கும். ஆனால் அவள் எப்போதும் இரண்டாம் நாளே பார்த்து எண்ணிவிட்டு அனுப்பிவிடுவாள், அப்போது எல்லாம் வெளிறித்தான் இருக்கும், சிவப்பது குப்பைப் பையில் கிடக்கும்போதுதான். மே மாதம் மட்டும், ஃப்ரீசர் நின்ற பிறகு, பிளேட்டுகள் ஐந்து நாள் கிடந்தன. சிவப்பும் வெள்ளையும் கலந்து வந்திருந்தன. பாக்டீரியா ஆய்வகத்தில் அவளுக்குப் பழக்கிவிட்டது இது: பிளேட்டில் சிவப்பாக ஏதாவது வந்தால் வெளியிலிருந்து வந்த அழுக்கு, தொடாதே. நூற்று நாற்பது பிளேட்டிலும் பொறுமையாக, ஒன்றுகூடத் தவறாமல், சிவப்பை விலக்கி வெள்ளையை எடுத்து உறையவைத்திருக்கிறாள். சுத்தம் என்று எண்ணி எடுத்த அத்தனையும் மைட்டோகாண்ட்ரியா செத்தவை. அவற்றைக் கிளிசராலில் போட்டால் எந்தக் காலத்திலும் வளராது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "படிச்சிருக்கேன்க்கா," என்றாள். "படமெல்லாம் பார்த்திருக்கேன். பரீட்சையில எழுதியிருக்கேன்."

கன்னியம்மாவுக்கு முழுவதும் புரியவில்லை. தப்பு பெட்டிக்குள் இருக்கிறது என்பது புரிந்தது.

"திங்கட்கிழமை மீட்டிங்ல சொல்லு."

"எனக்கு முதல் வருஷ ரிவ்யூ அடுத்த வாரம்க்கா. நான் சார்கிட்ட தனியா சொல்லிடறேன். லெட்டரை நிறுத்தச் சொல்லிடறேன். மத்தவங்களுக்கு எதுக்கு?"

"என்னத் தனியா சொன்னாங்களா? ஒன்பது பேரு உக்காந்துகினு இருந்தீங்க. நீயும்தான் இருந்த. தனியான்னா வேணாம்."

"கொஞ்சம் டைம் குடுங்கக்கா. ப்ளீஸ்."

"என்கிட்ட டைம் எங்க கீது? திங்கக்கிழம வரைக்கும்தான் எனக்கே குடுத்திருக்கான்."

சுப்ரஜா எழுந்து போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கன்னியம்மாவுக்கு ஒரே யோசனை. மீடியா அறைச் சாவி ஒன்று சுப்ரஜாவிடமும் உண்டு. அலமாரிப் பூட்டு ஆணி வைத்துத் திறக்கிற பூட்டு. பிளேட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்திருக்கலாம். ஆனால் வெளியே போய் வந்த சாட்சியை யார் ஏற்பார்கள் என்றுதான் அங்கேயே விட்டிருந்தார். முனிசாமி மீன் வாங்கி வந்தும் குழம்பில் உப்புப் போட மறந்துபோனது.

திங்கட்கிழமை போய்த் திறந்ததும் ஏழும் இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் சனிக்கிழமைத் தேதியும் சுப்ரஜாவின் கையெழுத்தும் புதிதாக இருந்தன.

கூட்டம் பத்தரைக்கு. கன்னியம்மா பிளேட்டுகளை எவர்சில்வர் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் உள்ளே போனார். ஸ்டான்லி ஏற்கெனவே ஓரத்தில் கடிதத்தோடு நின்றிருந்தார்.

"நீங்க கடைசியில வந்தா போதும் கன்னியம்மா," என்றார் கிருஷ்ணபிரசாத்.

"கடைசிக்கு விஷயம் ஆறிப் போயிடும் சார். இப்பவே பாத்துடுங்க."

என்ன செய்தார் என்பதைக் கன்னியம்மா நின்றபடியே சொன்னார். பேராசிரியர் பாதியில் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். நான் அனுமதி கொடுத்தேனா? அட்டெண்டர் கல்ச்சர் பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கு."

"கீது சார். உங்க ஈஸ்ட்ட தொட்டாதான் தப்பு. இது பன்னு ஈஸ்ட்டு. விதியில பன்னு கீதா?"

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"பேக்கரி ஈஸ்ட் முரட்டு ரகம். அது எதுல போட்டாலும் வளரும்."

கன்னியம்மா ஏழாவது பிளேட்டை மேஜைமேல் தள்ளினார். "இதுல கிளிசரால் இல்ல. அதே ஈஸ்ட்டுதான். எவ்ளோ வளர்ந்திருக்குன்னு நீங்களே பாருங்க."

கிருஷ்ணபிரசாத் அதை எடுத்தார். பக்கத்தில் மற்றதை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டையும் கண்ணருகே பிடித்து மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப ஏன் நம்ம ஸ்ட்ரெய்ன் ஒண்ணுகூட..." என்று ஆரம்பித்தபோது சுப்ரஜா எழுந்து நின்றாள். எதையும் விடாமல் சொன்னாள். சிவப்பைத் தள்ளிவிட்டு வெள்ளையை எடுத்ததை, ஏன் எடுத்தாள் என்பதை, எத்தனை என்பதை.

"எல்லாமுமா?"

"நூத்தி நாற்பதும் சார். பழைய குழாய் குளிர் அறையில இருக்கு, இன்னும் தூக்கிப் போடல. அதுலேர்ந்து சிவப்பு கிடைச்சா மறுபடி எடுக்கலாம். மூணு மாசம் ஆகும்."

பேராசிரியர் கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர், "வெள்ளையா இருந்ததை நானும் கேட்டிருக்கணும்," என்று மட்டும் முனகினார். பிறகு ஸ்டான்லி பக்கம் கையை நீட்டி, கடிதத்தை வாங்கி, நடுவில் மடித்துக் கிழிக்கப்போனார்.

"கிழிக்காதீங்க சார்."

"உங்க நல்லதுக்குத்தானே கிழிக்கிறேன்?"

"கிழிச்சா பேப்பருதான் போவும். சொன்னது அப்படியே கீது. எல்லாரும் கேட்டாங்க. அதுலயே கீழ எழுதுங்க, மூணு தொகுதியும் நல்ல பிளேட்டுன்னு."

"அக்கா," என்றார் ஸ்டான்லி, "அதான் ஜெயிச்சிட்டல்ல, விடு."

"நான் ஜெயிக்க வரல. வேலைக்கு வந்தேன்." அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், கருங்குழிப் பொண்ணுக்கு ஒரு நாள் நீங்க ரிப்போர்ட்டு அனுப்புவீங்க. இது நோவு, இல்ல இது நோவு இல்லன்னு. அது நான் ஊத்துன பிளேட்ட வெச்சு சொல்ற சேதி. ஊத்துனவ கவனமில்லாதவன்னு எங்கியாவது ஒரு பேப்பரு கெடந்தா அந்த ரிப்போர்ட்ட எவன் நம்புவான்? எனக்கோசரம் எழுத வேணாம். அதுக்கோசரம் எழுதுங்க."

கிருஷ்ணபிரசாத் கடிதத்தை விரித்து மேஜையில் வைத்துத் தேய்த்து மடிப்பை நீக்கினார். பேனாவைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதினார்.

"தமிழ்ல எழுதுங்க சார். நான் படிக்கணும்."

அவர் அந்த வார்த்தையை அடித்துவிட்டு மெதுவாகத் தமிழில் எழுதினார். ஜூன் மாதத்து மூன்று தொகுதிகளும் சோதிக்கப்பட்டன. குறையில்லை. பிழை ஆய்வகத்தின் ஈஸ்ட் சேமிப்பில் நடந்தது. மேற்கண்ட குற்றச்சாட்டும் இடமாற்றமும் திரும்பப் பெறப்படுகின்றன. கன்னியம்மா தோளுக்குப் பின்னால் நின்று படித்து, தொகுதி எண்களையும் போடச் சொன்னார். போட்டார். கையொப்பமிட்டுத் தாளை நீட்டும்போது, கொஞ்சம் விறைப்பாக, "அடுத்த முறை இப்படி ஏதாவது செய்யணும்னா என்னைக் கேட்டுட்டுச் செய்யுங்க," என்றார்.

"சரி சார். அடுத்த தடவ லெட்டர் அடிக்கணும்னா நீங்களும் என்னக் கேட்டுட்டு அடிங்க."

கிருஷ்ணபிரசாத் பேனாவை மூடிப் பையில் செருகினார். கன்னியம்மா தாளை ஸ்டான்லியிடம் கொடுத்து, கோப்பில் வைத்துவிட்டு ஒரு நகல் எடுத்துவரச் சொன்னார். பிளேட்டுகளைத் தட்டில் அடுக்கினார். கதவருகே நின்று சுப்ரஜாவைப் பார்த்தார்.

"செவப்பு தேட எத்தினி பிளேட்டு வேணும்?"

சுப்ரஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னூறு."

"நூறுதான் வரும். அகர் தீரப் போவுதுன்னு சொல்லிப் பத்து நாளாவுது. வாங்கித் தரச் சொல்லி சார்கிட்ட இப்பவே கேளு. அதுக்கும் அப்புறம் என்னத் திட்ட வேணாம்."